புனேயிலிருந்து வந்த புல்லட்

உங்கள் வீட்டில் 20 வயதைத் தாண்டிய பிள்ளையோ பெண்ணோ இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் காப்பி வேளையில் மெதுவாக இந்தப் பேச்சு வரும். "அம்மா, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விலைக்கு வருகிறது. நல்ல வண்டி. கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்." கொஞ்சம் தூரம் என்றால் தாம்பரம் என்று எண்ணிவிடாதீர்கள். துருவிக் கேட்டால் பெங்களூர் என்பார்கள், புனே என்பார்கள், டில்லி என்றும் சொல்வார்கள். "ரெயிலில் போட்டு அனுப்பச் சொல்லேன்" என்பீர்கள். "இல்லையம்மா, நானே ஓட்டிக்கொண்டு வரப் போகிறேன்" என்று பதில் வரும். அந்தச் சமயத்தில் கையிலிருக்கும் டம்ளர் நழுவாமல் இருப்பதற்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சை எடுத்தவள் என் அண்ணன் மகள். ஆமாம், பெண்தான். சொந்தச் சம்பாத்தியம், சொந்த அபிப்பிராயம் இரண்டும் உள்ளவள். அவள் ஆசைப்பட்டது 1998-ம் வருஷத்து புல்லட். அவள் பிறந்த வருஷமும் அதுவே. "பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்கச் சொன்னால் அவள் வண்டிக்குப் பொருத்தம் பார்த்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டு, அண்ணி ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அண்ணி பயப்படுவதற்குக் காரணம் உண்டு. அவளுடைய தம்பி ஒருவன் இரு சக்கர வண்டியில் போய்த்தான் போனான். தலைக்கவசம் வீட்டு ஆணியில் மாட்டியிருந்தது. இருபது வருஷமாயிற்று. இன்றைக்கும் அந்த வீட்டில் ஹெல்மெட்டை ஆணியில் மாட்ட அண்ணி விடமாட்டாள்.

எத்தனையோ வண்டிகள் இருக்க, புனேயில் இருக்கும் புல்லட் எதற்கு என்று நானும் கேட்டேன். "அத்தை, அது புனே வண்டி இல்லை. நம்ம ஊர்ப் பெண். புனேக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது" என்றாள். உண்மைதான். 1955-ல் நம் திருவொற்றியூரில் தொழிற்சாலை ஏற்பட்டது. முதலில் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்து பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-க்குள் இங்கிலாந்தில் அந்த வண்டி செய்வதே நின்று போயிற்று. 1977-லிருந்து திருவொற்றியூர் வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகத் தொடங்கியது. தாய்வீடு பூட்டிக் கிடக்க, பெண் வீட்டிலிருந்து சீர் போன கதை!

சரி, கதை இருக்கட்டும். வண்டி வாங்குவதற்கு முன்னால் ஜாதகம் பார்க்க வேண்டும். இதில் நம்மைப் போன்றவர்களுக்குப் பழக்கம் அதிகம். படத்தைப் பார்த்து மயங்காமல் விசாரிக்கத் தெரிந்தவர்கள் நாம்தானே?

முதலில் ஆர்.சி. சர்க்காரின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் சொந்தக்காரர் எத்தனையாவது ஆள், பதிவு எதுவரை செல்லும், இன்ஷுரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி உண்டா என்பது தெரிந்துவிடும். சொந்த உபயோக வண்டிக்கு முதற்பதிவு 15 வருஷம். அதன் பின் வண்டியைக் காட்டி 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே இந்த 1998 வண்டிக்கு 2013, 2018, 2023 என்று மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும். இருந்தது. பழைய வண்டிக்கு உண்டான பசுமை வரி, போலீஸ் அபராதம் பாக்கி இவற்றையும் பார்த்தாள். பாங்கிக் கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததாகப் பாங்கி கொடுத்த கடிதம் மட்டும் போதாது. ஆர்.சி.யிலிருந்தும் கடன் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது, சட்டகத்திலும் என்ஜினிலும் பொறித்திருக்கும் எண்கள். குழந்தைகள் காசின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பார்களே, அதே வித்தைதான். அந்த எழுத்து ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஓர் எழுத்து தேய்ந்திருந்தாலும், ராவி அடித்தாற்போல் இருந்தாலும் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. கோடுகள் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் வயதாகி வெடித்திருக்கலாம். புடவைக்கு மேல் கஞ்சி போட்டால் நூல் புதிதாகிவிடுமா? இன்னொன்று: வண்டியைப் பார்க்கப் போனதும் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாயிருந்தால், நீங்கள் வருமுன்பே ஒரு முறை கிளப்பிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் பரீட்சை. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. என் அண்ணன் மகளுக்காக அவளோடு படித்த பெண் ஒருத்தி புனேயிலேயே போய் இதையெல்லாம் பார்த்துச் சொன்னாள். தூரத்து வண்டிக்கு அந்த ஊரில் நம் ஆள் ஒருவர் இல்லாமல் ஒரு காசும் அனுப்பக் கூடாது.

காசு அனுப்பும் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். "நான் பட்டாளத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வண்டியை அவசரமாக விற்கிறேன்" என்று சீருடைப் படமும் அடையாளச் சீட்டும் அனுப்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் மோசடி பல வருஷங்களாக நடந்துவருகிறது. படம் திருட்டுப் படம், வண்டியும் கிடையாது. இன்னொரு விதம், "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தச் சதுரப் படத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பது. செல்போனில் பணம் வாங்குவதற்கு ரகசிய எண்ணே வேண்டியதில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

பிற மாநில வண்டியானால் அங்குள்ள ஆர்.டி.ஓ. காரியாலயத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்குப் படிவம் 28. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-ம் 30-ம். விற்றவர் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். ஒரு கையெழுத்துக்காக மறுபடி புனேக்கு யார் போவது? இவள் சான்று விற்பவர் கைக்கு வந்தபிறகே ரெயிலேறினாள்.

இங்கே ஒரு நிமிஷம் நின்று, வண்டி விற்கிற வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் தூசி படிந்து நின்ற ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் கொடுத்து, நாலு காசு வாங்கிக்கொண்டு நிம்மதியாயிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெயர் மாற்றாத வரையில் சட்டத்தின் கண்ணுக்கு அது உங்கள் வண்டிதான். கை மாறிக் கை மாறிப் போய்விட்ட ஒரு வண்டி விபத்து செய்த வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் இன்று இரவே கேளுங்கள், அந்தப் பழைய ஸ்கூட்டர் யார் பெயரில் இருக்கிறது என்று.

இன்ஷுரன்ஸிலும் ஒரு சூட்சுமம். வண்டி கை மாறும்போது பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பாதுகாப்பு கூடவே வந்துவிடும். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக வராது. கம்பெனிக்கு 14 நாளைக்குள் எழுதி நம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவருக்கென்று தனியாக ஒரு விபத்துப் பாலிசியும் எடுக்கச் சொல்லி வற்புறுத்தியது அண்ணி. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி வேறு நிபந்தனைகளும் போட்டாள். முகம் முழுதும் மூடும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட். விடிந்தபிறகு கிளம்பி மாலை நாலு மணிக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நிற்கும் இடமெல்லாம் டெலிபோன். புனேயிலிருந்து சென்னை சுமார் 1200 கிலோமீட்டர். ஆகவே ஐந்து நாள் பிரயாணம். கோலாப்பூர், ஹூப்ளி, சித்ரதுர்கா, கிருஷ்ணகிரி என்று நாலு இரவுத் தங்கல். புனேயிலிருந்து சென்னை வரை ஒரே சாலைதான், தேசிய நெடுஞ்சாலை 48. இரு சக்கர வண்டிக்கு அதில் சுங்கம் கிடையாது.

பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு சாஸ்திரம். கிக்கரை எடுத்தவுடன் உதைக்கக் கூடாது. ஒரு சின்ன நெம்பை அழுத்திக்கொண்டு, மீட்டரில் ஊசி நடுவில் வந்து நிற்கும்படி மெதுவாக அமுக்கி, அப்புறம்தான் உதைக்க வேண்டும். பதம் தெரியாமல் உதைத்தால் அது திருப்பி உதைக்கும். இதற்கு மேலாக ஒரு ஆபத்து உண்டு. இப்போதைய வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். அந்தக் காலத்து புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக்! அவசரத்தில் கால் பழைய வழக்கப்படிதான் போகும். அதனால் புனேயில் இரண்டு நாள் தங்கி, காலியான தெருவில் நிறுத்தி நிறுத்திப் பழகிய பிறகே கிளம்பினாள். இதைத்தான் அவள் செய்தவற்றிலெல்லாம் உயர்ந்தது என்பேன்.

போனது ஜனவரி மாதம். சாதாரா, கோலாப்பூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் காலம். டிராக்டருக்குப் பின்னால் இரண்டு வண்டி கோத்து, மலைபோல் கரும்பு ஏற்றிக்கொண்டு போகும். இருட்டினால் பின்னால் விளக்குக்கூட இருக்காது பலதுக்கு. நாலு மணி நிபந்தனையின் அருமை அப்போது தெரிந்தது என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வரவேண்டிய டெலிபோன் ஒன்றரை வரை வரவில்லை. அந்த இரண்டரை மணி நேரம் அண்ணி எப்படியிருந்தாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அண்ணன் தெருவுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். நடந்தது இவ்வளவுதான்: ஹாவேரிக்கு அருகில் கிளட்ச் கம்பி அறுந்துவிட்டது. தேய்ந்தால் எந்த வண்டியிலும் அறுகிற சாமான். கையில் மாற்றுக் கம்பி வைத்திருந்தாள். ஆனால் செல்போனில் உயிர் இல்லை. சாலையோரத்து மெக்கானிக் ஒருவர் கம்பியை மாட்டிக்கொடுத்தார். அவர் வீட்டு அம்மாள் ஜோள ரொட்டியும் கத்தரிக்காய் எண்ணெய்ப் பல்யாவும் போட்டு, தன் செல்போனையும் கொடுத்தாள். கன்னடத்தில் என்னவோ அண்ணியிடமும் பேசினாள். அண்ணிக்குக் கன்னடம் தெரியாது. இருந்தும் இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் பேசினார்கள்! அந்த அம்மாள் கட்டிக்கொடுத்த பியாடகி மிளகாய் எங்கள் வீட்டுக்கும் கால் கிலோ வந்தது. நல்ல சிவப்பு, காரம் குறைச்சல். அரைத்த சாம்பாருக்கு அதைப்போல நிறம் கொடுப்பது வேறில்லை.

சித்ரதுர்காவில் கோட்டை பார்த்தாளாம். ஹைதர் அலியின் சிப்பாய்கள் பாறை இடுக்கு வழியாக ஒவ்வொருவராய் ஊர்ந்து நுழைந்தபோது, காவற்காரன் மனைவி ஓபவ்வா உலக்கையாலேயே அவர்களை அடித்து வீழ்த்திய இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அன்று இரவு டெலிபோனில் அதைச் சொன்னபோது, "உலக்கை வீட்டில் இருந்தது, அதனால் எடுத்தாள். நீ வண்டியை ஒழுங்காகப் பார்த்து ஓட்டு" என்றாள் அண்ணி.

ஐந்தாம் நாள் மூன்றரை மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. அதன் பிறகு இங்கே ஆர்.டி.ஓ. காரியாலயத்துக்கு நாலு நடை. வண்டியின் வயதுக்குத் தக்கபடி குறைத்து ஆயுள் வரி கட்டி, வண்டியைக் காட்டி, புதுத் தமிழ்நாட்டு எண் வாங்கினாள். பிற மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம்.

எண் வந்த அன்று அண்ணி காகிதத்தை வாங்கிப் பார்த்து, விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள். கூட்டுத்தொகை எட்டு வருகிறதாம். மாற்றித் தருவார்களா என்று என்னைக் கேட்டிருக்கிறாள்.