பிடியரிசியும் சிற்றிதழும்

தமிழில் ஓர் இதழைத் தொடங்குதல் எளிது. தொடங்கிய இதழை நிறுத்தாமல் நடத்துதல் அரிது. முதல் இதழ் வாழ்த்துரைகளோடு வெளிவரும். மூன்றாம் இதழ் வருங்கால் தாள் கடையில் நிலுவை ஏறியிருக்கும். ஏழாம் இதழும் எட்டாம் இதழும் ஒன்றாகி, இரட்டை இதழ் என்னும் பெயரோடு வரும். அதன்பின், "தவிர்க்கவியலாத காரணங்களால்" என்று தொடங்கும் ஓர் அஞ்சலட்டை வரும். அதுவும் வாராமற் போதலும் உண்டு. நம் துறை நூலகத்தின் அலமாரிகளில் இவ்வாறு நின்றுபோன இதழ்களின் கட்டுகள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை எழுத்தின் தரம் குன்றியதால் நின்றவை அல்ல. எழுதுவோர் இல்லாமையால் நின்றவையும் அல்ல. பொருள் வரும் வழி செம்மையாக அமையாமையால் நின்றவை. அவ்வழியைப் பற்றி நம் கருத்தினை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

சிற்றிதழ் என்பது அச்சிட்ட சில தாள்களின் தொகுப்பு மட்டுமன்று. அது ஒரு சபை. ஓர் ஊர்க்காரர் எழுதிய கட்டுரையை வேறோர் ஊர்க்காரர் மறுத்து எழுதுகிறார். மூன்றாமவர் அடுத்த திங்களில் இருவரையும் திருத்துகிறார். முகமறியாத நூறு பேர் ஒருவர்க்கொருவர் நண்பராகவும் கருத்து மாறுபாட்டாளராகவும் ஆகின்ற இடம் அது. வணிக இதழ்க்கு வாசகர் வாடிக்கையாளர். சிற்றிதழ்க்கோ அவர் சபையின் உறுப்பினர். உறுப்பினர் கைவிட்டால் சபை கலைந்துவிடும்.

இம்மரபு நமக்குப் புதிதன்று. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர், 'அசன்பே சரித்திரம்' எழுதிய அறிஞர் சித்தி லெப்பை, 1882ஆம் ஆண்டிலேயே 'முஸ்லிம் நேசன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயிபு 1887ஆம் ஆண்டு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். ஏறத்தாழ மூன்றாண்டுகளில் அது நின்றது. அதே 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். நூல் வெளிவருமுன்பே கையொப்பமிட்டுப் பொருளுதவ முன்வந்தோரின் துணை அப்பதிப்புக்கு இருந்தது. ஆக, கண்ணாற் காணாத ஒன்றை நம்பி முன்கூட்டியே சிறுதொகை அளித்தல் என்பது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் ஆழ வேரூன்றிய அறமாகும்.

இனி, மூன்று இதழ்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். முதலாவது, சி.சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு தொடங்கிய 'எழுத்து'. ந. பிச்சமூர்த்தி, தருமு சிவராமு, சி. மணி முதலியோரின் கவிதைகள் அதில் வெளிவந்தன. இன்று நம் பாடத்திட்டத்தில் புதுக்கவிதை என்று ஒரு பகுதி இருப்பதற்கு அவ்விதழ் முதன்மையான காரணங்களுள் ஒன்று. அதன் ஆசிரியரோ நூற்கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 1970இல் இதழ் நின்றது. அதன் பயனை ஒரு மொழியே பெற்றது. அதன் சுமையை ஒருவர் தோள் தாங்கியது.

இரண்டாவது, கோவையில் 1971இல் பிறந்த 'வானம்பாடி'. அது 'விலையிலாக் கவிமடல்' என்று தன்னை அழைத்துக்கொண்டது. கவிதைக்கு விலை குறித்தல் தகாது என்னும் உயர்ந்த எண்ணத்தால் நன்கொடையின் துணையோடு இலவசமாக வழங்கப்பட்டது. வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய கவிக்கோ அப்துல் ரகுமானும் அவ்வியக்கத்தோடு சேர்த்து எண்ணப்படுபவரே. வானம்பாடி எழுப்பிய குரல் தமிழகமெங்கும் கேட்டது. ஆயினும் இதழ் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இலவசம் என்னும் சொல் வாசகர்க்கு இனியது. ஆனால் அச்சகத்தார்க்கு அச்சொல் விளங்காது.

மூன்றாவது, யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தகம் நடத்திவந்த டொமினிக் ஜீவா 1966ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கிய 'மல்லிகை'. அது 2012 வரை 401 இதழ்கள் வெளிவந்தது. ஆசிரியர் தம் இதழைத் தாமே கையிலேந்தித் தெருவில் நின்று விற்றார். விலை கேட்க நாணவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் பெயர நேர்ந்தபோதும் இதழைக் கைவிடவில்லை. தென்னிலங்கையின் திக்குவல்லை கமால் போன்ற முஸ்லிம் எழுத்தாளர்க்கும் அதில் இடம் கிடைத்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு சிற்றிதழ் வாழ்ந்ததெனில், ஒவ்வொரு படியின் விலையும் ஒவ்வொரு வாசகர் கையிலிருந்து கேட்டுப் பெறப்பட்டதே அதற்குப் பெருங்காரணம். ஆயினும் அதுவும் ஒரு தனிமனிதரின் முதுமையோடு ஓய்ந்தது.

இம்மூன்றும் நமக்கு உணர்த்துவன யாவை? ஒருவரே சுமந்தால் தோள் சலிக்கும். விலையே இல்லையெனில் வேர் வற்றும். பலரும் சிறிது சிறிதாகத் தருமிடத்து ஆயுள் நீளும். அப்போதும் அடுத்த கை ஆயத்தமாக இல்லையெனில் ஒருநாள் நின்றுவிடும்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தல் நன்று. எடுத்துக்காட்டாக, 500 படிகள் அச்சிடும் ஒரு திங்களிதழைக் கொள்வோம். தாள், அச்சு, கட்டுமானம், அஞ்சல் யாவும் சேர்த்துப் படியொன்றுக்கு 40 ரூபாய் ஆகுமெனின், ஆண்டுச் செலவு 2,40,000 ரூபாய். ஆண்டுச் சந்தா 500 ரூபாய் என வைத்து ஐந்நூற்றுவரும் செலுத்தினால் வரவு 2,50,000. இதழ் தலைநிமிர்ந்து நடக்கும். பாதிப்பேர் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிவைத்தால் வரவு 1,25,000, பற்றாக்குறை 1,15,000. அந்த இருநூற்றைம்பதின்மருள் ஒருவரும் இதழின் பகைவரல்லர். அனைவரும் அன்பர்களே; மறந்தவர்களே. பெரும்பாலான சிற்றிதழ்களை வீழ்த்துவது பகைமையன்று, மறதி.

இப்பற்றாக்குறையை ஈடுகட்ட ஆசிரியர்கள் நாடும் வழி ஆயுள் சந்தா. 5,000 ரூபாயை ஒருவர் ஒரே முறை அளித்தால் அது வரவுபோலத் தோன்றும். உண்மையில் அது கடன். அவர்க்கு ஆண்டுதோறும் 480 ரூபாய்ச் செலவில் இதழ் அனுப்பியாக வேண்டும். அத்தொகையை வைப்புநிதியிலிட்டு நூற்றுக்கு ஏழு வட்டி கிடைத்தாலும் 350 ரூபாய்தான் தேறும். பலவிடத்தும் அது வைப்புநிதிக்குச் செல்வதுமில்லை. அந்த மாதத்து அச்சகப் பாக்கிக்கே போய்விடுகிறது. இன்றைய பசிக்கு விதைநெல்லைச் சமைப்பது போன்ற செயல் இது.

அஞ்சல் வழியும் முன்போல் இல்லை. பதிவு நூலஞ்சல் என்னும் குறைந்த கட்டணச் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்னும் சேவை நூல்களுக்கென வந்துள்ளது. சிறு பதிப்பாளரும் சிற்றிதழாளரும் இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றையும் தம் கணக்கில் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டியவராகின்றனர்.

மற்றொரு வழி, பெரும்புரவலர் ஒருவரைப் பிடித்தல். வள்ளல்களை நாம் குறைத்துக் கூறவில்லை. வள்ளல்கள் இல்லையேல் இத்தகைய கல்லூரிகளே இல்லை. ஆயினும் சபை வேறு, கட்டடம் வேறு. கட்டடம் ஒருமுறை எழுப்பினால் நிற்கும். சபைக்கு ஒவ்வொரு திங்களும் விளக்கேற்ற வேண்டும். ஒருவர் கொடையையே நம்பியிருக்கும் இதழ், அவர் தொழிலில் நலிவு வந்தால் நலியும். அவர்க்குப் பிடிக்காத கட்டுரையை அச்சிடத் தயங்கும். அவர் ஒன்றும் சொல்லாமலே ஆசிரியரின் பேனா தானாகத் தயங்கும் என்பதே இதில் வருந்தத்தக்கது. விளம்பரத்தையே நம்பி நிற்றலும் இவ்வாறே முடியும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? விடை நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. நம் பாட்டிமார் சோறாக்க அரிசி அளக்குந்தோறும் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் இட்டு, மதரசாவுக்கென வழங்கிய பிடியரிசி வழக்கத்தைப் பெரியோர் அறிவர். தமிழகத்தின் பிற சமயத்தாரிடையும் அறச்செயல்களுக்கெனப் பிடியரிசி எடுக்கும் வழக்கம் உண்டு. ஒரு பிடி குறைந்ததால் எவர் வீட்டிலும் பசியில்லை. பல வீட்டுப் பிடிகள் சேர்ந்தமையால் மதரசாவிலும் பசியில்லை. ஜமாஅத்துகளில் குடும்பந்தோறும் மாதச் சந்தா பெறும் முறையும் இதன்பாற்பட்டதே. அளவில் சிறுமை, காலத்தில் தவறாமை, கொடுப்போரின் பன்மை ஆகிய மூன்றுமே அதன் வலிமை. பெருங்கொடை மழை போன்றது. பிடியரிசி ஊற்றுப் போன்றது. சிற்றிதழ்க்கு வேண்டுவது ஊற்று.

ஊற்று வற்றாதிருக்க ஒரு காவல் உண்டு. அதுவே வெளிப்படையான கணக்கு. ஜமாஅத்தில் ஆண்டுக்கொருமுறை வரவு செலவு படிக்கப்படும்போது, பத்து ரூபாய் தந்தவரும் எழுந்து கேள்வி கேட்கிறார். அக்கேள்வியால் நிர்வாகத்திற்கு இழுக்கில்லை. அவர் அடுத்த ஆண்டும் தருவார் என்பதற்கு அதுவே அடையாளம். சிற்றிதழும் அரையாண்டுக்கு ஒருமுறை, வந்த சந்தா இவ்வளவு, தாளுக்குச் சென்றது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என ஒரு பக்கத்தில் அச்சிடுதல் வேண்டும். "இதழ் நலிவில் உள்ளது, உதவுக" என்னும் ஓலத்தைக் காட்டிலும், "இவ்வாண்டு 90 சந்தாக்கள் குறைவாக உள்ளன" என்னும் ஒரு வரி வாசகரை மிகுதியும் செயற்படுத்தும். ஓலம் இரக்கத்தை வேண்டுகிறது. கணக்கு பொறுப்பைப் பகிர்ந்தளிக்கிறது.

"எல்லாம் கைப்பேசியிலேயே விலையின்றிக் கிடைக்கும்போது சந்தா எதற்கு?" என்று மாணவர் வினவலாம். விலையின்றிக் கிடைப்பது எதுவுமில்லை. அங்கே விளம்பரதாரர் நமக்காகச் செலுத்துகிறார், நம் கவனத்தை ஈடாகப் பெறுகிறார். ஆசிரியர் உலகிலோ வேறொரு போக்குக் காணப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் கட்டுரை வெளியீட்டிற்கு மதிப்பெண் வகுத்தபின், எழுதுவோரிடமே பணம் பெற்று வெளியிடும் இதழ்கள் பெருகின. வாசகர் பணம் தரும் இதழில், இது படிக்கத்தக்கதா என்று ஆசிரியர் கேட்பார். எழுதுவோர் பணம் தரும் இதழிலோ அக்கேள்வியைக் கேட்க எவர்க்கும் தேவையில்லை. ஆய்வுக் கட்டுரைக்குச் சில ஆயிரம் தருவோர், ஒரு நல்ல சிற்றிதழ்க்கு ஆண்டுச் சந்தா செலுத்தினால் தமிழ் வாழும்; கட்டுரையும் செழிக்கும்.

நிறைவாக, மூவர்க்கும் நம் வேண்டுகோள் இவை.

மாணவச் செல்வங்களே! ஐவர் சேர்ந்து ஒரு சந்தா கட்டுங்கள். ஒருவர் படித்து மற்றவர்க்குத் தாருங்கள். படித்தபின் ஒரு கடிதம் எழுதுங்கள். கடிதமும் ஒரு நன்கொடையே. அண்மையில் சிற்றிதழ் அலுவலகம் இருப்பின் விடுமுறையில் சென்று முகவரிப் பட்டியல் எழுதவும், சந்தா ஏடு பராமரிக்கவும், மெய்ப்புத் திருத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய ஆசிரியரின் தோள் சலிக்கும்போது ஏந்தும் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

ஆசிரியப் பெருமக்களே! அன்பளிப்புப் படியை எதிர்பாராது, ஆண்டு பிறந்த முதல் திங்களிலேயே சந்தாவைச் செலுத்துவோம். தாமதமாக வரும் ஐந்நூறு ரூபாயைவிடக் காலத்தில் வரும் முந்நூறு ரூபாய் ஆசிரியர்க்குப் பேருதவி.

சமுதாயப் பெரியோர்களே! தாங்கள் ஒரு பெருந்தொகை அளிக்க எண்ணினால், அதை அட்டைப்பட விளம்பரமாக்காமல், பத்துப் பள்ளி நூலகங்களுக்கு ஐந்தாண்டுச் சந்தாவாகப் பகிர்ந்தளியுங்கள். இதழ்க்கும் பொருள் சேரும். படிக்கும் கண்களும் பெருகும். கொடுத்தவர் முகம் நோக்கி எழுத வேண்டிய நிலையும் நேராது.

சிற்றிதழாளர்க்கும் ஒரு சொல். நிறுத்தியே தீர வேண்டிய நாள் வருமாயின், எஞ்சிய சந்தாவைத் திருப்பித் தந்து, முழுத்தொகுதி ஒன்றைச் சென்னையில் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் சேர்த்துவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோகும் ஓர் இதழ், அடுத்துப் பிறக்கும் இதழ்க்குச் சந்தா தர வேண்டிய கையையும் பின்னிழுக்கச் செய்கிறது.

இம்மலரும் பலர் நன்கொடையால் மலர்ந்ததே. ஆயினும் மலர் விழா நாளில் ஒருமுறை பூப்பது. இதழோ திங்கள்தோறும் விரிய வேண்டுவது. மலருக்கு மனமுவந்து ஈந்த கைகள், இதழ்க்கும் மாதமொரு பிடி எடுத்து வைக்குமாயின், தமிழில் எழுதுவோரும் படிப்போரும் கூடும் சபைகளில் விளக்கு அணையாது.