பெயருக்குள் ஒளிந்த நஞ்சு

மாத்தளையில் நான் பாடஞ் சொல்லும் வகுப்பிலே சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, "சேர், கடுகு வாயுவைக் கடுகிலிருந்தா எடுக்கிறார்கள்?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. தாளிப்பின் மணத்தோடு வளர்ந்த பிள்ளை வேறெதை நினைப்பாள்?

அவ்வாயுவிற் கடுகு சிறிதுமில்லை. 1917இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜேர்மானியர் அதனை ஏவியபோது, கடுகையோ பூண்டையோ ஒத்த நெடி எழுந்ததே பெயர்க்காரணம். பட்டவுடன் நோவு தெரியாது. சில மணி நேரஞ் சென்றபின்பே தோல் கொப்புளிக்கும், கண் எரிந்து மூடும், மூச்சுக்குழல் புண்ணாகும்.

சாரின் என்ற பெயரின் வரலாறு இன்னும் கொடிது. 1938இல் அதனை ஆக்கிய நால்வரின் பெயரெழுத்துகளைக் கோத்து அமைத்த பெயர் அது. பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் வழக்கம்; அவர்களோ கொலைநஞ்சுக்குத் தம் பெயரை இட்டார்கள். அவர்களுள் ஒருவரான ஷ்ராடர் முதலில் தேடியது பூச்சிகொல்லியே. பரத்தியன் என்னும் பூச்சிகொல்லியும் பின்னர் அவர் கண்டதே. இரண்டும் ஒரே குடும்பத்தவை: நரம்பின் கட்டளையைத் தணிக்கும் நொதியை முடக்கி, மூச்சை நிறுத்துபவை.

இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை 1997 ஏப்ரல் 29இல் நடைமுறைக்கு வந்தது. நாடுகள் தம்மிடம் உண்டென அறிவித்த இருப்புகள் 2023 யூலையுடன் அழிக்கப்பட்டு முடிந்தன. ஆயினும் அவ்வுடன்படிக்கையின் நுட்பம் நஞ்சுகளின் பட்டியலில் மட்டும் இல்லை. பட்டியலிற் பெயரில்லாத பொருளும் கொல்லும் நோக்கத்தோடு ஏவப்பட்டால் ஆயுதமே என்கிறது அது. குடிநீரைத் தூய்மைசெய்யும் குளோரீன் அப்பட்டியலில் இல்லை. அதனையே 1990 யூனில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரான் இராணுவ முகாம்மீது விடுதலைப் புலிகள் ஏவினர். நாம் மறைக்கக் கூடாத வரலாறு அது.

நம் மாவட்டத்துத் தோட்டங்களுக்கு வருவோம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிப்பதை நாம் 'மருந்து' என்றே அழைக்கிறோம். அச்சொல்லை நம்பியே முகத்தை மூடாமல் தெளிக்கிறோம்; வெறும் போத்தலைக் கழுவி வீட்டிலும் வைக்கிறோம். இலங்கை 1984இல் பரத்தியனையும், 1995இல் மொனோகுரோட்டோபொஸ் முதலியவற்றையும் தடைசெய்தது. இத்தகைய தடைகளின் பின்னர் நஞ்சால் மாண்டோர் தொகை பெரிதுங் குறைந்தது. பெயரை நம்பாமல் குணத்தை ஆராய்ந்த அரசாணைகள் காத்த உயிர்கள் அவை.

சிரித்த வகுப்பை அமர்த்தி, அம்மாணவியின் வினாவையே அன்றைய பாடமாக்கினேன். ஒரு பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கிய பிள்ளை, அது என்ன செய்யும் என்றும் கேட்பாள்.