மாடு பார்த்தலும் கார் பார்த்தலும்

மதுரை மாநகரின் வடகிழக்கே, பேருந்துகள் இடையறாது வந்து செல்லும் இடத்திற்கு மாட்டுத்தாவணி என்பது பெயர். அங்குப் பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது 1999ஆம் ஆண்டில்தான். பெயரோ அதற்கு முன்னரே மாட்டுச் சந்தையால் வந்தது. சந்தைக்கு வரும் உழவர் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பர், சுழியை ஆராய்வர், கொம்பையும் நடையையும் நோக்குவர், தரகரோடு துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவர். எனினும், பெண்டு பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு மாடு தேடுவோர் முதற்கண் வினவுவது வேறு. “மிரளுமா? கயிற்றை இழுத்தால் நிற்குமா?” என்பதே அது. மிரளும் மாடு எத்துணை அழகியதாயினும், எத்துணை மலிவாயினும், அதனை அவர் வண்டியிற் பூட்டார்.

அம்மாடு நின்ற இடத்தில் இன்று கார் வந்து நிற்கின்றது. மேலூரிலும் திருமங்கலத்திலும் கார் வாங்குவோர் வினவுவன யாவை? விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், மாசி வீதி நெரிசலில் திருப்ப எளிதா என்பனவே. இவை வீண் வினாக்கள் அல்ல. (வண்டி எண்ணின் கூட்டுத்தொகையைப் பற்றிய ஆராய்ச்சியோ பழைய சுழியின் மறுபிறவி; அது நிற்க.) மோதினால் உள்ளிருப்போர் பிழைப்பரோ என்னும் வினா மட்டும் கடைசியில் வருகின்றது, பலரிடம் வாராமலே போகின்றது.

மோதலில் நிகழ்வது யாது? வண்டி நொடிப்பொழுதில் நின்றுவிடும். உள்ளிருப்பவர் உடலோ முன்னைய விரைவிலேயே முன்னோக்கிப் பாயும். அதனைப் பிடித்து நிறுத்துவது தோளையும் இடுப்பையும் தழுவும் இருக்கைப் பட்டை. சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்துப் பொறியாளர் நில்ஸ் போலின் அதனை 1959ஆம் ஆண்டில் அமைத்தார். பிற நிறுவனங்களும் அதனைக் கையாள வால்வோ இசைந்தது. பட்டைக்குத் துணையாய்த் தலையையும் மார்பையும் தாங்குவது காற்றுப்பை. வண்டியின் முன்பகுதி நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள, ஆட்கள் அமரும் கூடு நசுங்காது நிற்றல் வேண்டும்.

குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் விரைவில் மோதவிட்டு ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. பெரியவர்களைக் காக்கும் திறத்தில் ஐந்தும் ஒரு விண்மீனும் பெறவில்லை. அவற்றுள் டாட்டா நானோவும் ஒன்று. இருசக்கர வண்டியில் நெருங்கி அமர்ந்து செல்லும் குடும்பங்களைக் கண்டு இரங்கிய ரத்தன் டாட்டாவின் எண்ணத்தில் பிறந்து, 2008ஆம் ஆண்டில் ஒரு லட்ச ரூபாய்க் கார் எனப் புகழப்பெற்றது அது. நோக்கம் உயர்ந்ததே, ஆயினும் விலை முன்னே சென்றது, காப்புப் பின்தங்கியது. அவ்வைந்தனுள் போலோ என்னும் காரின் கூடு உறுதியானது, காற்றுப்பைதான் இல்லை. இரண்டு காற்றுப்பைகளோடு மீண்டும் மோதவிட்டபோது அதுவே நான்கு விண்மீன்கள் பெற்றது.

“பொருள் குறைந்தவர் என்செய்வர்?” எனலாம். தக்க வினாவே. ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை 2019ஆம் ஆண்டு சூலை முதல் புதுக் கார்களிற் கட்டாயமாயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு ஆய்வே விண்மீன்களை அறிவிக்கின்றது. அதனைப் பார்க்கக் காசு வேண்டுவதில்லை. தொடுதிரைக்கும் பளபளக்கும் சக்கரத்திற்கும் கொடுக்கும் பணத்தைக் காப்பிற்குக் கொடுத்தலும் இயலும்.

நான்குவழிச் சாலையில் ஆட்டு மந்தையும் டிராக்டரும் எதிர்பாராது குறுக்கிடும் நாடு இது. ஆயினும் புதுக் காரின் நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைக்க மறவாதவர், அழகிய உறை தைத்துப் போட்டுப் பின்னிருக்கைப் பட்டைகளை அதன் அடியிற் புதைத்துவிடுகின்றனர். பிள்ளைகள் அமர்வதோ அப்பின்னிருக்கையில்தான்.