வெளி ஹார்ட்டிஸ்க்: கேமுக்குக் காணும்

"வெளி ஹார்ட்டிஸ்க்கில கேம் போட்டா லாக் அடிக்கும் மச்சான், காசைச் சேர்த்து நல்ல லப்டொப் ஒண்டு எடு."

ஹொஸ்டலில் கேம் பற்றிக் கதை தொடங்கினால் யாராவது ஒருத்தன் இதைச் சொல்லாமல் விடமாட்டான். சொல்பவன் பெரும்பாலும் வீட்டுக்காசில் கேமிங் லப்டொப் எடுத்தவனாக இருப்பான். எங்களைப் போன்ற ஆக்களிடம் இருப்பது அக்கா பாவித்து முடித்த லப்டொப்போ, மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்ததோதான். உள்ளே 256 ஜிபி. விண்டோஸையும் நாலு மென்பொருளையும் போட்டால் மிஞ்சுவது கொஞ்சம். பல்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி கேட்கும். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறின பிறகு "நல்ல லப்டொப் எடு" என்பது அறிவுரையே இல்லை, பகிடி.

அந்த லாக் கதையும் பாதிதான் உண்மை. படத்தை வரைந்து காட்டுவது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. தேவையான கோப்புகளை எடுத்துக் கொடுப்பதுதான் டிஸ்க்கின் வேலை. டிஸ்க் மெதுவென்றால் லோடிங் நீளும். திறந்த உலக கேம்களில் தூரத்துக் கட்டடம் முதலில் மொட்டையாகத் தெரிந்து பிறகுதான் வடிவா வரும். சிலவேளை ஒரு செக்கன் திக்கும். மற்றபடி, கேம் ஓடத் தொடங்கினால் பிரேம் ரேட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. 2015 இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5 ஐ நான் இப்படித்தான் விளையாடி முடித்தேன். லோட் ஆகிற நேரத்தில் தேத்தண்ணி போடலாம், அவ்வளவுதான்.

லாக் அடிக்குது என்று முறைப்பாடு செய்யும் ஆக்களில் எத்தனை பேர் வயரை எந்தத் துளையில் குத்தியிருக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள்? யூஎஸ்பி 2 துளையில் செக்கனுக்கு 30, 40 எம்பிக்கு மேல் வராது. யூஎஸ்பி 3 துளையில், அது கனக்க லப்டொப்களில் நீல நிறமாக இருக்கும், அதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல் தரும். இன்னொன்று, பென்டிரைவ் மாற்றிக் குத்தும்போது டிஸ்க்கின் எழுத்து ஈ யிலிருந்து எஃப் க்கு மாறினால் ஸ்டீமுக்கு கேம் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகும். அழிந்துபோச்சு என்று பயந்து திருப்பி டவுன்லோட் பண்ணாதேங்கோ. விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் பழைய எழுத்தைக் கொடுத்தால் சரி.

புது கேம்கள் சிலவற்றுக்கு இது சரிவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023 இல் வந்த ஸ்டார்ஃபீல்டுக்கு எஸ்எஸ்டி கட்டாயம். அதே வருடம் சைபர்பங்க் 2077 உம் குறைந்தபட்சத் தேவையை எஸ்எஸ்டியாக மாற்றியது. அப்படியானவற்றுக்கு டிஸ்க்கை ஒரு களஞ்சியமாகப் பாவிக்கலாம். விளையாடும் கேமை ஸ்டீமிலேயே உள் டிஸ்க்குக்கு நகர்த்துவது, முடிந்ததும் வெளியே தள்ளுவது. இரவு டேட்டாவில் நாலு நாள் கண்முழித்து இறக்கின 100 ஜிபியை இடமில்லை என்று அழித்துவிட்டு, திருப்பி இறக்கின ஆக்களுக்கு இதன் அருமை விளங்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வேறொரு விசயத்தில். நாங்கள் கேமை உள்ளே வைத்துக்கொண்டு, "பத்திரமா இருக்கட்டும்" என்று முக்கியமானதை வெளி டிஸ்க்குக்கு அனுப்புகிறோம்.

என்னோடு ஒரே அறையில் இருக்கும் நண்பன் வரலாறு படிக்கிறான். வன்னியில் ஒரு குளத்தையும் அதை விட்டு இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்தையும் பற்றி அவனுடைய இறுதி வருட ஆய்வு. பதினொரு முதியவர்களின் குரல்களைப் பதிந்து, லப்டொப்பில் இடமில்லை என்று டிஸ்க்குக்கு மாற்றினான். கொப்பி பண்ணவில்லை, கட் பண்ணிப் போட்டான். அதே டிஸ்க்கில்தான் கேமும். ஒரு இரவு கட்டிலில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருக்க வயரில் கால் தட்டுப்பட்டு டிஸ்க் சீமெந்துத் தரையில் விழுந்தது. உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது விழுந்தால் வாசிக்கும் முனை தட்டில் உரசும். டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. கடையில் மீட்டெடுக்கக் கேட்ட காசுக்கு நாலு புது டிஸ்க் வாங்கலாம். அதற்கும் உத்தரவாதம் இல்லை.

கேமை மூன்று இரவில் திருப்பி இறக்கிவிட்டான். சேவ் கோப்பு லப்டொப்பில் இருந்ததால் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. குரல்களுக்குத் திரும்ப பஸ் ஏறினான். பத்துப் பேர் மறுபடி கதைத்தார்கள். ஒரு அம்மம்மா மட்டும் தேத்தண்ணி தந்துவிட்டு, "ஒருக்காச் சொன்னது காணும் ராசா, திருப்பிக் கேக்காத" என்றாவாம்.

கேம் தொலைந்தால் திருப்பி எடுக்கலாம். அதனால்தான் விழக்கூடிய, வயரில் தொங்குகிற டிஸ்க்குக்கு உரியது கேம் என்கிறேன். நூறு ஜிபி கேம் வெளியே போனால், ஒரு பதிவுக்கு நூறு எம்பி கூட வராத குரல்களுக்கு உள்ளே எவ்வளவு இடம்! அதிலும் ஒரு பிரதி லப்டொப்பில், இன்னொன்று டிரைவிலோ, நண்பனின் லப்டொப்பிலோ.

அவனுடைய பத்துப் பதிவுகள் இப்போது என் லப்டொப்பிலும் இருக்கின்றன. இடம் காணாமல் என் ஜிடிஏயை வெளியே தள்ளிவிட்டேன்.