மின்னேடும் கணித நூலும்

மின்மைத் திரையுடைய மின்னேடுகள் இந்நாளில் மாணாக்கர் பலர் கையிற் காணப்படுகின்றன. விலை குறைந்ததே நன்றெனக் கொள்ளுதல் தகுமோ? கதை பயில்வார்க்குத் தகும். கணிதமும் பௌதிகமும் பயில்வார்க்குத் தகாதென்பதே நம் கருத்து.

காரணங் கூறுதும். கதைநூலின் வரிகள் திரையின் அகலத்திற்கேற்ப மடங்கி ஒழுகும். கணித நூல்களோ பெரும்பாலும் பிடிஎப் வடிவின. அவற்றின் பக்கம் அச்சிட்டவாறே நிற்கும். ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறக்குறைய 14 அங்குலம். அதனை 6 அங்குலத் திரையில் அடக்கின், எழுத்தின் தலைமேலும் காலடியிலும் நிற்கும் சிறு குறிகள் புலனாகா. பெருக்கிக் காணின் சமன்பாடு பாதி மறையும். வெண்பாவின் அடியை இடையில் முறித்தெழுதின் சீருந் தளையுஞ் சிதைதலைத் தமிழ் பயிலும் நாம் அறிவோம். சமன்பாட்டின் நிலையும் அஃதே.

நம் விடுதித் தோழரொருவர் உதவித்தொகையிற் சிறுகச் சேர்த்துச் சிறு கருவியொன்று வாங்கினார். ஒரு திங்களுள் நூல்நிலையத்துப் பழம் பிரதியையே மீண்டும் நாடினார். பொருளும் போயிற்று.

திரை பெரிதாயினும் போதாது. 2009இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் 9.7 அங்குலக் கிண்டில் டிஎக்ஸ் கருவியை மாணவர்க்களித்துச் சோதித்தபோது, ஓரத்திற் குறிப்பெழுதுதல் அரிதென்பது பெருங்குறையாகக் கூறப்பட்டது. கணக்கு, எழுதிப் பயிலும் கல்வியன்றோ? ஆதலின் 10 அங்குலத்திற் குறையாத திரையும் எழுதுகோலும் உடையதே கொள்ளத்தக்கது.

அதன் விலையோ மிகுதி. ஆகவே நமது நூல்நிலையம் அத்தகையன சிலவற்றை வாங்கிப் புத்தகம்போல் இரவல் வழங்குதல் வேண்டும். தாமே வாங்குவோர், தம் பாடநூலின் மிக நெருங்கிய பக்கமொன்றைக் கடையிலேயே திறந்து பார்த்துப் பின் பணங் கொடுப்பாராக.