கப்பலின் நடுத்தட்டு

ஒரு சமூகம் தன் மக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் சட்டப் புத்தகங்களைப் புரட்டுவதினும் அதன் ஊர்திகளை நோக்குவது நலம். வீட்டிலும் வீதியிலும் எளிதிற் புலப்படாத ஏற்றத்தாழ்வுகள், வண்டியிலும் கப்பலிலும் விலை குறித்துச் சீட்டெழுதி விற்கப்படுகின்றன. இவ்வகையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமிடையே அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து சென்ற பெருங்கப்பல்கள் ஆராய்ச்சிக்கு மிகவும் தக்கவை. அவற்றின் முதல் வகுப்பில் வீற்றிருந்த செல்வரைப்பற்றியும், மூன்றாம் வகுப்பில் நெருங்கிச் சென்ற ஏழைக் குடியேறிகளைப்பற்றியும் எழுதினோர் பலர். இடையிலிருந்த இரண்டாம் வகுப்பாரைப்பற்றிப் பேசுவோர் சிலரே. கல்லூரியிற் பயின்றோரும் பயில்வோருமாகிய நமக்கு அவர்களே நெருங்கிய உறவினராதலின், அவர்களைக் குறித்து எமது கருத்தை ஈண்டு வெளியிடத் துணிகின்றோம்.

அக்கப்பல்களின் இரண்டாம் வகுப்பிற் சென்றோர் யாவர்? பள்ளி ஆசிரியர், திருச்சபைக் குருமார், கீழ்நாடுகளில் ஊழியஞ் செய்து தாய்நாடு திரும்பும் மிஷனெரிமார், நடுத்தர வணிகர், பொறியியலார், அவர்தம் மனைவி மக்கள் ஆகியோரே பெரும்பாலார். அவர்களுக்கு அளிக்கப்பட்ட வசதிகள் ஆடம்பரமற்றவை, ஆயினும் குறைவற்றவை. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தன் முதற் பிரயாணத்திலேயே மூழ்கிப்போன டைட்டானிக் கப்பலை உதாரணமாகக் கொள்வோம். அதன் இரண்டாம் வகுப்பில் இருவர் முதல் நால்வர் வரை தங்கத்தக்க தூய அறைகளும், ஓக் மரப்பலகை பதித்த புகைபிடிக்கும் கூடமும், புத்தகசாலையும், பியானோ வைத்த போஜனசாலையும், மேல்தட்டில் உலாவுமிடமும், மின்சார லிப்டும் இருந்தன. முதல் வகுப்பாருக்கும் இரண்டாம் வகுப்பாருக்கும் உணவு சமைத்தது ஒரே அடுக்களை; இரு போஜனசாலைகளுக்கும் நடுவே அஃது அமைந்திருந்தது.

இவ்வசதிகளுக்குரிய விலையையும் நோக்குவோம். அக்கப்பலின் இரண்டாம் வகுப்பிற் சென்ற லாரன்ஸ் பீஸ்லி என்னும் விஞ்ஞான ஆசிரியர் கொடுத்த கட்டணம் 13 பவுன். மூன்றாம் வகுப்பார் கொடுத்தது 7 அல்லது 8 பவுன். இடையிலுள்ள ஐந்தாறு பவுன் அக்காலத்தில் ஓர் ஏழைத் தொழிலாளிக்கு எளிய தொகையன்று. அத்தொகையால் வாங்கப்பட்டது யாது? வேகமா எனில், அன்று. 1909-ஆம் ஆண்டு முதல் இருபதாண்டுக்காலம் அட்லாண்டிக்கில் வேகத்திற்குப் பெயர்பெற்று விளங்கிய மாரிடேனியா கப்பலிற் சென்றோர் அனைவரும், எத்தட்டில் இருந்தாலும் ஒரே நாழிகையில் துறை சேர்ந்தனர். காற்றும் அலையும் சீட்டைப் பார்த்து வீசுவனவல்ல. நல்ல படுக்கையும் நல்லுணவும் வாங்கப்பட்டன என்பது உண்மையே. 1879-ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் கிளாஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குச் சென்றபோது, கீழ்த்தட்டுக்கு 6 கினியாகவும் இரண்டாம் வகுப்புக்கு 8 கினியாகவும் கட்டணம் இருந்தது. எழுதுவதற்கு ஒரு மேசை வேண்டுமென்றே அவர் அதிகப்படியான 2 கினியைச் செலுத்தினார். மேசைக்கும் மெத்தைக்கும் விலை கொடுத்தலில் யாம் குற்றங் காணவில்லை.

நிற்க, பின்னாளில் அச்சீட்டோடு வேறொன்றும் விற்கப்படலாயிற்று. நியூயார்க்குத் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவில் 1892-ஆம் ஆண்டில் குடியேற்றச் சாவடி திறக்கப்பட்டது. 1907-ஆம் ஆண்டில் மாத்திரம் 10 லட்சத்திற்கு மேற்பட்டோர் அதன் வழியே அமெரிக்காவுட் புகுந்தனர். கப்பல் வந்தடைந்ததும், முதல் இரண்டு வகுப்பாரையும் அதிகாரிகள் கப்பலிலேயே மரியாதையாகச் சிறிது விசாரிப்பர். நோயோ வேறு தடையோ ஐயுறப்பட்டாலன்றி, அவர்கள் நேரே கரையிறங்கித் தத்தம் வழிச் செல்லலாம். மூன்றாம் வகுப்பாரோ மூட்டை முடிச்சுகளுடன் படகிலேற்றப்பட்டு எல்லிஸ் தீவிற்குக் கொண்டுபோகப்படுவர். அங்கே அவர்கள் மாடிப்படி ஏறும்போதே வைத்தியர் அவர்களுடைய மூச்சையும் நடையையும் உற்று நோக்குவர். ஐயமுற்றவர் சட்டைமேற் சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து எழுதப்படும். கண்ணோய் உண்டோவென்று இமையைப் புரட்டிப் பார்ப்பர். பின்பு, கையிற் பணம் எவ்வளவு, வேலை உண்டா, சிறை சென்றதுண்டா என்னும் வினாக்கள் எழும். தாயை ஒருபுறமும் குழந்தையை ஒருபுறமும் பிரித்து நிறுத்திய நாட்களும் உண்டு. நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் வந்த வழியே திருப்பியனுப்பப்பட்டனர்.

இப்பொழுது எமது கருத்து இன்னதென்பது விளங்கும். இரண்டாம் வகுப்புச் சீட்டு விற்ற சரக்குகளில் மிகவும் விலையுயர்ந்தது, சந்தேகத்தினின்றும் விடுதலையாகும். ஐந்தாறு பவுன் அதிகமாகக் கொடுத்தவன் நோயற்றவனென்றும், ஒழுக்கமுடையவனென்றும், தேசத்திற்குப் பாரமாகாதவனென்றும் முன்கூட்டியே நம்பப்பட்டான். கொடாதவன் இவை மூன்றையும் வரிசையில் நின்று மெய்ப்பிக்க வேண்டியவனானான். இதனை உணர்ந்த சிலர், கண்ணோய் முதலியன உடையோராய், கடன்பட்டேனும் இரண்டாம் வகுப்புச் சீட்டு வாங்கிப் பரிசோதனையினின்று தப்ப முயன்றனர். பணம் நற்சாட்சிப் பத்திரமாக மாறிவிட்டால், அதனை நற்சாட்சி வேண்டாதோரும் வாங்குவர், கெட்டோரும் வாங்குவர்.

இவ்விடுதலையும் எல்லார்க்கும் முழுமையாய் வாய்த்ததில்லை. டைட்டானிக் கப்பலின் இரண்டாம் வகுப்பில் ஜோசப் லரோஷ் என்பவர் தம் மனைவியுடனும் இரு பெண் குழந்தைகளுடனும் சென்றார். ஹைத்தித் தீவிற் பிறந்து, பிரான்சு தேசத்தில் பொறியியல் கற்றுத் தேறியவர் அவர். கருநிறத்தாராதலின் அங்கே தகுதிக்கேற்ற உத்தியோகமும் ஊதியமும் கிட்டாது, பிறந்த நாட்டுக்கே திரும்பிக்கொண்டிருந்தார். மனைவியும் மக்களும் பிழைத்தனர். அவர் கடலில் மாண்டார். பட்டமும் சீட்டும் பெற்ற ஒருவரை, அவை இரண்டாலும் காக்க முடியாத மற்றொரு வேலி வெளியே நின்றது.

அக்கப்பலின் இரண்டாம் வகுப்பில் நம் தேசத்திலிருந்து சென்றோரும் இருந்தனர் என்பதை நம்மிற் பலர் அறியார். அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் ஊழியஞ் செய்த லுத்தரன் மிஷனெரி ஒருவரின் மனைவி, நோயுற்ற தம் சிறு மகனுக்காகத் தம் மூன்று மக்களுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். மூத்தவளாகிய ரூத் பெக்கர் 12 வயதுச் சிறுமி, குண்டூரிலேயே பிறந்தவள். மத்திய மாகாணத்து ஜாஞ்சகீரில் ஊழியஞ் செய்த ஆனி பங்க் என்னும் மென்னோனைட் அம்மையார், பிணியுற்ற தம் தாயைக் காணச் சென்றார். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அவர் செல்லவேண்டிய கப்பல் நின்றுபோகவே, டைட்டானிக்கில் இடம் பெற்றார். தாயும் தம்பி தங்கையரும் ஒரு படகில் ஏற, ரூத் வேறொரு படகில் தனியே ஏறிப் பிழைத்தாள். அதே படகிற் பிழைத்தவர் மேற்கூறிய ஆசிரியர் பீஸ்லி. ஆனி அம்மையார் பிழைக்கவில்லை.

அவ்விரவின் கணக்கு ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. 1912-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த விசாரணையின் அறிக்கைப்படி, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 79 பேரில் பிழைத்தோர் 27 பேரே. இரண்டாம் வகுப்பு ஆடவர் 168 பேரில் பிழைத்தோர் 14 பேர்; அதாவது நூற்றுக்கு எட்டுப் பேர். மூன்றாம் வகுப்பு ஆடவரிற்கூட நூற்றுக்குப் பதினாறு பேர் பிழைத்தனர். முதல் வகுப்பு ஆடவரிலோ நூற்றுக்கு முப்பத்துமூவர் பிழைத்தனர். இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகளைக் காண்கின்றோம். படகுகள் இருந்த மேல்தட்டில் உலாவ இரண்டாம் வகுப்பாருக்கு இடமிருந்தது; மூன்றாம் வகுப்பாருக்கு இல்லை. எனவே, நிலத்தில் மானங்காத்த சீட்டு நீரில் மகவையுங் காத்தது. இஃதொன்று. நடுத்தட்டு ஆடவர் தம் மனைவி மக்களைப் படகேற்றிவிட்டுத் தாம் பின்னின்றனர். எந்த வகுப்பாரினும் அவர்களே மிகுதியாக மாண்டனர். இது மற்றொன்று. முன்னதை எண்ணி வருந்துகிறோம். பின்னதை எண்ணித் தலைவணங்குகிறோம். அறிக்கை மூன்றாம் வகுப்பாருக்கு அநீதி இழைக்கப்படவில்லை என்று தீர்த்தது. ஆயினும், அவ்விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பிரயாணி ஒருவரேனும் சாட்சியாக அழைக்கப்பட்டிலர்.

எமது கருத்தை மறுப்போர் இருவகையினர். விலை கொடுத்தோர் பொருள் பெறுதல் நியாயமே என்பர் ஒருசாரார். படுக்கையும் உணவும் புத்தகசாலையும் அவ்வாறே பெறத்தக்கவை. நோய்ப் பரிசோதனையோ, தேசத்தாரின் நலத்திற்காக ஏற்பட்டது. தொற்றுநோய் சீட்டு விலையைக் கேட்டுப் பரவுவதில்லை. பரிசோதனை வேண்டுவதாயின் அனைவர்க்கும் வேண்டும். அதன் முறை இழிவாயின் ஒருவர்க்கும் ஆகாது. சட்டத்தை இயற்றியோர் அரசாங்கத்தார், தட்டுகளை அமைத்தோர் கம்பெனியார், நடுத்தட்டார் என் செய்வர் என்பர் மற்றொரு சாரார். அவர்கள்மேல் குற்றஞ் சுமத்துவது எமது நோக்கமன்று. எனினும், இரு புறத்தையும் அருகிலிருந்து காணும் இடம் அவர்களுடையது. எழுத்தும் பேச்சும் அவர்கள் கைவசம் இருந்தன. அவ்விடத்தை நன்கு பயன்படுத்தியோரும் உண்டு. தாமஸ் பைல்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர், டைட்டானிக் மூழ்கிய இரவுக்கு முந்திய காலையில் தம் வகுப்பாருக்குப் பூசை நடத்தியபின், மூன்றாம் வகுப்பாரிடமுஞ் சென்று நடத்தினார். இறுதியில் அவர்களோடே நின்று செபித்து உயிர்நீத்தார். ஆசிரியர் பீஸ்லி சில மாதங்களுக்குள் ஒரு நூல் எழுதி, கப்பற் பிரயாணத்தின் பாதுகாப்பைச் சீர்திருத்த வேண்டுமென்று வற்புறுத்தினார். இலண்டனிற் கூடிய சர்வதேச மகாநாடு, 1914-ஆம் ஆண்டில் கப்பலிலுள்ளார் அனைவர்க்கும் படகுகளில் இடம் வேண்டுமென்று விதித்தது.

பின் நிகழ்ந்ததையும் சுருங்கக் கூறுவோம். 1921, 1924-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசாங்கம் சட்டங்களால் குடியேறுவோர் தொகையைச் சுருக்கிற்று. மூன்றாம் வகுப்பு அறைகள் வெறுமையாயின. கம்பெனியார் அவற்றைத் திருத்தி, 'டூரிஸ்டு தேர்டு' என்று பெயரிட்டு, மாணாக்கரையும் ஆசிரியரையும் அழைத்தனர். அவர்களும் களிப்புடன் சென்றனர். ஏழைகள் இருந்தபோது இழிவெனப்பட்ட அதே தட்டு, கற்றோர் ஏறியதும் நாகரிகமாயிற்று. ஆகவே இழிவு பலகையிலும் படுக்கையிலும் இருந்ததன்று. மனிதரை மதித்த மனத்திலேயே இருந்தது. 1958-ஆம் ஆண்டில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கின்மேற் பறக்கத் தொடங்கியபின் அக்கப்பல்களின் காலம் படிப்படியாய் முடிந்தது. விமானத்திலும் வகுப்புகளுக்கிடையே ஒரு திரை தொங்குகின்றது.

மாணாக்கரே, நாம் பெறும் பட்டமும் ஒருவகை இரண்டாம் வகுப்புச் சீட்டே. அதனைக் கையில் ஏந்தியவனை அலுவலகத்தில் அமரச் சொல்வர். ஏந்தாதவனை வாயிலில் நிறுத்தி வினாவுவர். நாம் உண்மையுடையோரென்று பிறர் ஆராயாமலே நம்புவர். இந்நம்பிக்கையை நமக்குரிய கூலியாக எண்ணி வாளாவிருப்போமாயின், நம் கல்வி ஐந்தாறு பவுன் விலைக்குமேற் பெறாது. பட்டமில்லாதவனையும் நம்மைப்போலவே நம்பி விசாரிக்குமாறு, நாம் அமரும் இருக்கைகளிலிருந்து செய்யத்தக்கவை பல உண்டு. அவன் மனுவை முதலிற் படித்தல், அவன் சாட்சியைக் கேட்டல், அவன் நிற்கும் வரிசைக்கு நிழல் அமைத்தல் ஆகியன சிறு செயல்கள். எனினும் நம் கைக்கு எட்டியவை. நடுத்தட்டில் இடம் பெற்றோர்க்கு இதுவே கடமை. இக்கடமை அறிந்தோர் நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் பலராகப் புறப்படுவாராக.