‘கிருமி எதிர்ப்பு’ ஜவுளி: வாய்ச்சொல்லுக்கு நாமே பொறுப்பு

பாலியெஸ்டர் பனியன், விளையாட்டு உடுப்பு, காலுறை என்று பல சரக்குகள் ‘கிருமி எதிர்ப்பு’ என்ற சீட்டோடு வருகின்றன. புதுக்கோட்டை கீழராஜவீதியிலோ அறந்தாங்கியிலோ வாடிக்கையாளர் "இது நிஜந்தானா?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

விஷயத்தில் உண்மை உண்டு. 100 கிராம் பருத்தி காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரத்தை ஏற்கும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட ஏற்காது. வியர்வையும் உடல் எண்ணெயும் இழையின் மேலேயே தங்க, பாக்டீரியா பெருகி நாற்றம் எழுகிறது. இதைத் தடுக்கவே வெள்ளிச் சேர்மம் போன்றவற்றைத் துணியின் மேற்பரப்பில் ஏற்றுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். பாலியெஸ்டர் இழை வழவழப்பானது. மருந்துக்குப் பிடிமானம் கிடையாது. பிளாஸ்மா முறையில் மேற்பரப்பைப் பதப்படுத்தியோ, ஒட்டுப்பொருள் சேர்த்தோ பிடிக்க வைக்க வேண்டும். அதில் குறை வைத்தால் சில சலவையிலேயே மருந்து தண்ணீரோடு போய்விடும். சீட்டு மட்டும் மிஞ்சும்.

மேலும், துணியில் கிருமி குறைவது வேறு, உடுத்தியவருக்கு நோய் வராதது வேறு. 2020 கொரோனா காலத்தில் ‘வைரஸ் எதிர்ப்புத் துணி’ என்று வந்த விளம்பரங்களை மறந்திருக்க மாட்டோம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவை நாம் அறிந்திருப்பது நல்லது. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை விற்பவர் தாமாகத் தந்து, சரக்கு அதற்கு மாறாக இருந்து தீங்கு விளைந்தால், விற்பவரும் பொறுப்பாளி ஆகலாம். "சொறி, படை வராது, நான் கேரண்டி" என்று விற்பனைப் பையன் சொல்லும் ஒரு வார்த்தை போதும்.

ஆகவே கொள்முதலின்போதே ஏஜெண்டிடம் மூன்று கேள்விகள் கேட்போம். என்ன மருந்து? எத்தனை சலவை வரை நிற்கும்? சலவைக்குப் பின் எடுத்த சோதனை அறிக்கை எங்கே? ஐ.எஸ்.ஓ. 20743, ஏ.ஏ.டி.சி.சி. 100 ஆகியவை இதற்கான சோதனை முறைகள். நமக்கே சந்தேகம் இருந்தால் கோவை ‘சிட்ரா’வை அணுகலாம். அறிக்கை இல்லாத சரக்கைச் சாதாரணச் சரக்காகவே வாங்கி, சாதாரண விலைக்கே விற்போம்.

கடைக்காரர் சொல்லை நம்பித்தான் கிராமத்து வாடிக்கையாளர் பணத்தை எண்ணி வைக்கிறார். சாயம் போனால் துணியை மாற்றித் தரலாம். நம்பிக்கை போனால் மாற்றித் தர நம்மிடம் சரக்கு கிடையாது.